மனமுவந்து ஒப்புக்கொண்டவர்கள்

ஜன்னலோர இருக்கையில் அவள் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய காக்கித் துணிப்பை இருக்கும். அன்னூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்கு வரும் காலை ஏழு பத்து டவுன் பஸ், ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போய்க் காலனியில் திரும்பி, மறுபடியும் பிள்ளையார் கோயில் முன்னால் வந்து நிற்கும்போது உட்கார இடம் இருக்காது. நான் முந்தானையைச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து போவேன். என்னைப் பார்த்ததும் அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அந்த இடம் எனக்கு. அவள் ஒரு வருடத்துக்கு மேல் எனக்காக இடம் பிடித்து வைத்தாள், நான் ஒரு நாள்கூட அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

நாங்கள் இருவரும் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் அது புதுப் படிப்பு. 'அமைதியும் பிணக்குத் தீர்வும்' என்று துறையின் கதவில் எழுதியிருந்தது. மொத்தம் ஒன்பது பேர். வேறு படிப்பில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள் சிலர். கல்யாணம் தகையும்வரை ஏதாவது படிக்கட்டும் என்று அனுப்பப்பட்டவர்கள் சிலர். நான் இரண்டாவது வகை. என் மாமா ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏங்கண்ணு, சண்டை தீக்கறதுக்குக்கூட எம்.ஏ. இருக்குதா? அப்ப நம்மூட்டுச் சண்டையை மொதல்ல தீத்துவுடு" என்று சிரிப்பார். வேண்டுமென்றே, விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக எழுதி, அந்தப் படிப்புக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். எதற்கு என்று கேட்டேன். "எங்க காலனியில என்ன பிரச்சனைன்னாலும் யாராச்சும் வந்து பேசி முடிச்சுட்டுப் போயிர்றாங்க. அவுங்க என்ன படிச்சுட்டு வந்து அப்படிப் பேசறாங்கன்னு பாக்கலாம்னுதானுங்க" என்றாள்.

அந்த 'ங்க' முதல் இரண்டு மாதம் இருந்தது. அவளுடைய அப்பா என் பெரியப்பாவின் தோட்டத்தில் வேலை செய்தவர். ஒரே வகுப்பு, ஒரே வயது, ஆனாலும் அவள் என்னை 'நீங்க' என்றும் நான் அவளை 'நீ' என்றும் பேசினோம். எனக்கு அது உறுத்தியதே இல்லை. ஒரு நாள் வகுப்பில் நடித்துக் காட்டும் பயிற்சி வைத்தார்கள். அவள் மில் முதலாளி, நான் வேலை நீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி. அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" என்று என்னைக் கேட்டாள். வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸிலும் அவள் 'நீ' என்றே பேசினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதலாளி வேசம் இன்னும் கலையலை" என்றாள். அதற்குப் பிறகு வெகுநாள் அது கலையவே இல்லை. எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் துறைத்தலைவர் வெளிநாட்டில் ஆறு மாதம் பயிற்சி பெற்று வந்தவர். வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்தாத பேச்சு, மாணவர்களைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்பார். "ரெண்டு பக்கமும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா தீராத பிணக்கே இல்லீங்க" என்பது அவருடைய பாடத்தின் சாரம். நாங்கள் அதைக் குறிப்பேட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டோம்.

அந்த பஸ் காலனிவரை போக ஆரம்பித்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் பிள்ளையார் கோயிலோடு திரும்பிவிடும். காலனிக்காரர்கள் மனு மேல் மனு கொடுத்து வாங்கிய நீட்டிப்பு அது. ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரே ஒரு மனக்குறை. பஸ் காலனியிலிருந்து நிறைந்து வருகிறது, தாங்கள் நிற்க வேண்டியிருக்கிறது. பஸ் உள்ளே போகும்போதே ஏறி உட்கார்ந்துகொண்டால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் காலனிக்குள் போய்த் திரும்பிவர அவர்களுக்கு மனம் வரவில்லை. அதனால் நின்றார்கள். நின்றுகொண்டே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தார்கள்.

ஒரு நாள் காலை என் பெரியம்மா பஸ்ஸில் ஏறினாள். அன்னூரில் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். நான் எழுந்து, "உக்காருங்க பெரிம்மா" என்றேன். பெரியம்மா என் இருக்கையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "நீ உக்காரு கண்ணு, எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு அன்னூர்வரை நின்றுகொண்டே வந்தாள். என் தோழி எழுந்திருக்கவில்லை. எதற்கு எழுந்திருக்க வேண்டும்? அன்று சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஏங்கண்ணு, நீ படிக்கத்தான போறே? சேந்து உக்கார்றதுக்குப் போகலையே?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அப்போது மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் காலனி ஆட்களுக்குத் தோட்டங்களில் வேலை நிறுத்தப்பட்டது. பஸ் கோயிலைத் தாண்டக் கூடாது என்று பத்துப் பதினைந்து பேர் சாலையில் நின்றார்கள். ஓட்டுநர் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பதினோரு நாள் அப்படியே போயிற்று. தாசில்தார் இரு தரப்பையும் தாலுகா அலுவலகத்துக்கு அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். செய்தி எங்கள் துறைத்தலைவருக்கு எட்டியதும் அவர் முகம் மலர்ந்துபோனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தாசில்தாரிடம் பேசி, பேச்சுவார்த்தையில் தானும் உதவுவதாக ஏற்பாடு செய்துகொண்டார். எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவளிடம், "நீங்க ஒரு தரப்பும்மா. உங்களால நடுநிலையா இருக்க முடியாது. உங்க ஆளுங்களோட உக்காந்துக்கங்க" என்றார். என்னிடம், "நீங்க என்னோட வந்து கூட்டக் குறிப்பு எழுதுங்க" என்றார். நானும் ஒரு தரப்புதான், எதிர்வரிசையில் முதல் நாற்காலியில் உட்காரப்போவது என் பெரியப்பா என்பது எனக்குத் தோன்றவில்லை. துறைத்தலைவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு மட்டும் தோன்றியது. அறையை விட்டு வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "நல்லா எழுது" என்றாள்.

பேச்சுவார்த்தை ஒன்றரை மணி நேரம் நடந்தது. யாரும் குரல் உயர்த்தவில்லை. எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஞாபகம் வருகிறது. பெரியப்பா அவளுடைய அப்பாவைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க, இத்தன வருசமா நமக்குள்ள ஏதாச்சும் மனத்தாங்கல் உண்டுங்களா?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அந்த வாயில் 'டேய்' மட்டுமே கேட்டிருந்த மனிதர், அந்த 'ங்க'வைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். துறைத்தலைவர் என் பக்கம் சாய்ந்து, "எழுதிக்கங்க, பரஸ்பர மரியாதை ஏற்பட்டது" என்றார். எழுதினேன்.

முடிவு இது. காலை ஏழு பத்து பஸ் மட்டும் கோயிலோடு திரும்பும். மற்ற மூன்று நடையும் காலனிவரை போகும். ஊர்க்காரர்கள் காலனி ஆட்களை மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். துறைத்தலைவர் இரண்டு கைகளையும் விரித்து, "பாருங்க, ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுத்திருக்காங்க" என்றார்.

அப்போது அவள் எழுந்தாள். "எங்க பஸ்தானுங்களே போயிருக்குது. அவுங்க என்னங்க விட்டுக்கொடுத்தாங்க?"

"வேலை திருப்பிக் குடுக்கறாங்களேம்மா" என்றார் தாசில்தார்.

"அது நாங்க செஞ்சுட்டு இருந்த வேலைங்க. பறிச்சுட்டுத் திருப்பிக் குடுத்தா அது விட்டுக்கொடுக்கறதுங்களா? காலையில ஸ்கூலுக்குப் போறது அந்த வண்டி ஒண்ணுதானுங்க. மத்த வண்டி எங்களுக்கு எதுக்குங்க?"

துறைத்தலைவர் வகுப்பில் பேசுவது போலவே பேசினார். "எல்லாம் கெடைக்காதும்மா. அமைதி கெடைச்சிருக்குதில்லைங்களா?"

"சண்டை போட்டதே நாங்க இல்லீங்களே" என்றாள் அவள்.

பெரியப்பா சிரித்தார். "படிச்ச புள்ளைங்க. நல்லாப் பேசுது" என்றார். அவளுடைய அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு அம்மணி. பதினோரு நாளா அடுப்பு சரியா எரியலை" என்று தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் உட்கார்ந்தாள். துறைத்தலைவர் கடைசி வரியைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'மேற்கண்டவற்றை இரு தரப்பினரும் மனமுவந்து ஒப்புக்கொள்கிறார்கள்.' அடுப்பு எரியாததைக் கேட்ட அதே காதால் 'மனமுவந்து' என்பதையும் கேட்டேன். என் கை நிற்கவில்லை. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அழகாகவே இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், அவளைத் தவிர.

மறுநாள் காலை பஸ் காலியாக வந்தது. நான் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்தேன். காலனியிலிருந்து நடந்துவந்தவர்கள் கடைசியாக ஏறினார்கள். அவள் செருப்பெல்லாம் செம்மண். நான் பையை எடுத்தேன். அவள் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைங்க, நீங்க உக்காருங்க" என்று சொல்லி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காந்திபுரம்வரை அப்படியே நின்றாள். ஒரு வருடத்தில் சேர்ந்ததெல்லாம் அந்த ஒரு 'ங்க'வில் போயிற்று.

மழைக்காலம் வந்தது. காலனியிலிருந்து ஊருக்கு நடந்துவரும் குறுக்குவழியில் ஒரு ஓடைப்பள்ளம் உண்டு. தண்ணீர் வந்தால் சாலை வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். பஸ் யாருக்காகவும் நிற்காது. காலனியிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஒரு தேர்வு நாளில் அவர்கள் சுற்றி ஓடிவருவதற்குள் பஸ் போய்விட்டது. பன்னிரண்டு பேரும் அந்தத் தேர்வை எழுதவில்லை. ஊரில் அதை யாரும் ஒரு செய்தியாகக்கூடப் பேசவில்லை.

அடுத்த வாரம் எங்களுக்குக் களப்பணி வாய்மொழித் தேர்வு. அன்று காலை நான் கோயில் முன்னால் போய் நின்றபோது, அவளும் அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். பஸ் வந்து திரும்பப் பார்த்தது. அவர்கள் அது திரும்பும் இடத்தில் வரிசையாக நின்றார்கள். அவள் ஓட்டுநரிடம், "வண்டி காலனிக்குப் போகோணுமுங்க. போயிட்டு வாங்க, நாங்க ஏறிக்கறோம்" என்றாள். கோஷம் இல்லை, கல் இல்லை. நாங்கள் வகுப்பில் வாரக்கணக்கில் படித்த அறப்போராட்டம், எழுத்துப் பிசகாமல் அப்படியே என் கண்முன்னால் நடந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். ஊர் ஆண்கள் கூடினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். வா என்று கூப்பிடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். பெரியப்பா மகன் மொபெட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தி, "பரீட்சைக்கு நேரமாச்சில்ல, ஏறு" என்றான். ஏறினேன். அன்னூரில் வேறு பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய், எங்கள் ஊர்ப் பிணக்கு எப்படி வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது என்று இருபது நிமிடம் பேசினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. நான் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் காவல் நிலைய வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளை மட்டும் சாயங்காலம்வரை வைத்திருந்தார்கள். பஸ்ஸை மறித்ததாக டிப்போவிலிருந்து புகார் எழுதி வாங்க, கிளை மேலாளரை வரச்சொன்னார்கள். அவர் தட அட்டவணையோடு வந்தார். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதைக் காலனிக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "இந்தப் புள்ள கேட்டது சரிதானுங்க. வண்டி காலனிவரைக்கும்தான் போகோணும். கோயிலோட திருப்பச் சொல்லி எங்களுக்கு எழுத்துல யாரும் குடுக்கலை." இத்தனை நாளும் ஓட்டுநர்கள் வெறும் வாய்ச்சொல்லுக்குத்தான் வண்டியைத் திருப்பியிருந்தார்கள். அந்த உடன்பாட்டுக்கு ஒரு பைசா மதிப்பு கிடையாது. தாசில்தாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், வெளிநாட்டில் படித்துவந்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாரும் அந்த அட்டவணையைக் கேட்டுப் பார்க்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அடுத்த திங்கள்கிழமை முதல் ஏழு பத்து பஸ் காலனிவரை போயிற்று. எங்கள் ஊரில் யாரும் செத்துப்போகவில்லை. பெரியம்மா இரண்டு மாதம் நின்றாள். பிறகு கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள்.

அவள் தனக்கு மறுதேர்வு கேட்டுத் துறைத்தலைவரிடம் போனாள். நானும் அப்போது அந்த அறையில் இருந்தேன், என் ஆய்வேட்டைத் திருத்தி வாங்குவதற்காக. "எட்டப்பட்ட ஓர் உடன்பாட்டை நீங்களே குலைச்சிருக்கீங்க. இந்தத் துறைக்கு அடிப்படைத் தகுதியே நடுநிலைங்க. அது உங்ககிட்ட இல்லை" என்றார் அவர், அதே உயராத குரலில். அவள், "அந்த வண்டி இப்ப காலனிக்குப் போகுதுங்க சார்" என்றாள். "அது வேற விசயம்" என்றார். வேறு விஷயமாம். அந்த வருடம் களப்பணித் தாளில் அவள் தேறவில்லை. மறு வருடம் எழுதி இரண்டாம் வகுப்பில் பட்டம் வாங்கினாள். எங்களை வேலைக்கு எடுக்க வந்த தொண்டு நிறுவனம் முதல் வகுப்பு உள்ளவர்களைத்தான் பார்த்தது. நேர்காணலில் நான் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். கையெழுத்தோடு கதையை நிறுத்தினேன். வேலை கிடைத்தது. கல்யாணமும் அதற்குப் பிறகு தகைந்தது.

துறைத்தலைவர் அந்த உடன்பாட்டைக் கட்டுரையாக எழுதி ஊர் ஊராகப் போய் வாசித்தார். அடிக்குறிப்பில் என் பெயர் இருந்தது. அது பாடமாயிற்று. நானும் பயிற்சி வகுப்புகளில் வருடக்கணக்காக அதைச் சொல்லிக் கொடுத்தேன், எப்போதும் கையெழுத்தோடு நிறுத்தி. கேட்ட பிள்ளைகள் கோடு போட்டு எழுதிக்கொண்டார்கள். யாராவது ஒருத்தர், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை. நாங்கள் அப்படித்தான் பயிற்சி கொடுத்திருந்தோம்.

அவள் கருமத்தம்பட்டியில் விசைத்தறித் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். பிறகு கூலிப் பேச்சுவார்த்தைகளில் தொழிலாளர் பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். இத்தனை வருடங்களில் அவள் பேசி முடித்த தகராறுகளில் பாதிகூட நான் முடித்திருக்கமாட்டேன். என் முகவரி அட்டையில் பெயருக்குக் கீழே 'பிணக்குத் தீர்வு ஆலோசகர்' என்று அச்சிட்டிருக்கிறது. அவளுக்கு அப்படி ஒரு அட்டையும் கிடையாது.

போன வருடம் அவளைத் தேடிப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் சின்ன அலுவலகம். தலை நரைத்திருந்தது. "வாங்க" என்றாள், டீ வரவழைத்தாள். நான் தயார் செய்துகொண்டு போயிருந்ததையெல்லாம் சொன்னேன். நான் எழுதிய வார்த்தை, ஏறிப்போன மொபெட், அந்த அறையில் வாய் மூடி நின்றது. எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். என்னைவிட நன்றாகக் கேட்கத் தெரிந்தவள்.

"எனக்கு உங்க மேல கோவம் இருக்குதுங்க" என்றாள். "அது இருந்துட்டுப் போகட்டும். அதனால எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகலை. அதையும் தீத்துவெக்கலாம்னு வராதீங்க."

நான் அழுதேன். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஒண்ணு செய்யறதுன்னா செய்யுங்க. பாதிக் கதையைத்தான் முப்பது வருசமா சொல்லிட்டு இருக்கீங்க. மீதியையும் சொல்லுங்க. அந்தப் பன்னெண்டு புள்ளைங்களச் சொல்லுங்க. வண்டி திரும்ப வந்துச்சுன்னு சொல்லுங்க." வாசலில் இரண்டு பெண்கள் ஏதோ தாளோடு வந்து நின்றார்கள். "டீ ஆறுதுங்க, குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் படித்த துறைக்கு எழுதினேன். பழைய தலைவர் ஓய்வு பெற்று எங்கோ மகனுடன் இருக்கிறார். அவருடைய மாணவர் ஒருவர் இப்போது அந்த நாற்காலியில் இருக்கிறார். நடந்தது முழுவதையும் நான்கு பக்கம் எழுதி, பாடத்தோடு இதையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். பல வருடங்களாகப் பாடத்தில் இருக்கும் ஒரு வெற்றிகரமான உதாரணத்தை இப்போது மாற்றினால், அது சம்பந்தப்பட்டவர்களிடையே தேவையற்ற பிணக்கை உண்டாக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

உண்டாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.